சுவிட்ச்போர்டுக்கு மூன்று சொற்கள்

9 ஜூலை 1957, செவ்வாய்
காஜா பேராங் தெருவில் சீன முதலாளி தவுக்கேயின் ரப்பர் ஆபீசுக்கு நான் பொருத்திய சுவிட்ச்போர்டு ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் அது செய்வதைத் தமிழில் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. யாருக்கு எந்தச் செய்தி வேண்டுமானாலும் ஆப்பரேட்டர் ருக்மணியம்மாவே வெளியே பேசி, பதிலை வாங்கித் தருகிறார். எதிர்முனைக்கு அவர் குரல் மட்டும்தான் தெரியும். ‘பதிலாள்’ என்று வைத்துக்கொள்கிறேன்.

12 ஜூலை
ரப்பர் விலையை ஆளுக்கொரு தரம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சிங்கப்பூருக்கு டிரங்கால் போடுவது மடத்தனம். ஒருமுறை கேட்டுச் சிலேட்டில் எழுதி, அதையே படித்துக்காட்டச் சொன்னேன். இது ‘இருப்பு’.

15 ஜூலை
கடைவீடுகளின் நடுச்சுவர் ஏன் கூரைக்கு மேலே எழும்பி நிற்கிறது? இன்றுதான் உறைத்தது. ஒரு வீடு பற்றினால் அடுத்ததற்குத் தாவாது. தீச்சுவர்! சுவிட்ச்போர்டுக்கும் அப்படி ஒன்று வைத்தேன்: தவுக்கே அனுமதித்த இடங்களின் அழைப்பு மட்டும் உள்ளே, மற்றவை வாசலோடு சரி.
ருக்மணியம்மா சிரித்தார். “சட்டம் நீ போடு தம்பி, ஏச்சு நான் வாங்குறேன்லா.”

23 ஜூலை
சீதா அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. முதல் பிள்ளை தங்கவில்லை. இது இரண்டாவது. அவள் கணவர் ஜெயபாலன் அத்தான் இதே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. இன்று அவருக்குக் கணக்கே ஓடவில்லை.

24 ஜூலை
காலையில் ருக்மணியம்மா ஆஸ்பத்திரியைக் கேட்டுச் சிலேட்டில் எழுதினார்: ‘இன்னும் ஆகவில்லை.’ அத்தான் வந்து வந்து நின்றார். “சும்மா சும்மா லைனப் பிடிக்காதீங்க அத்தான், அதான் எழுதியிருக்குல்ல” என்றேன்.
வேலை முடிந்து போனோம். மதியமே பெண் குழந்தை பிறந்துவிட்டது. நர்ஸ் ஆபீசுக்குப் போன் செய்தாராம். “சொந்தப் போன் எடுக்கிறதில்ல” என்று யாரோ வைத்துவிட்டார்களாம். யாரோவா? என் தீச்சுவர்!
அக்கா திரும்பிக்கூடப் படுக்கவில்லை. “பொம்பளப் புள்ளன்னுதான ஒருத்தரும் வரல?”
அத்தான் அழுதுவிட்டார். நான் சிலேட்டு, அனுமதி என்று விளக்க ஆரம்பித்தேன் –
“வாய மூடுறா” என்றாள் அக்கா.

25 ஜூலை
பதிலுக்குப் பக்கத்தில் அதைக் கேட்ட நேரத்தையும் எழுத வேண்டும். பழசானால் அழித்துவிட்டு மறுபடி கேட்க வேண்டும். இருப்பும் ஊசிப்போகும். இது ஏன் எனக்கு முன்னமே தோன்றவில்லை?
ஆஸ்பத்திரி, வீடு – எங்கிருந்து வந்தாலும் இனி உள்ளே விடலாம் என்று ருக்மணியம்மாவிடம் சொல்லிவிட்டேன். தவுக்கேயைக் கேட்கவில்லை.

2 ஆகஸ்ட்
அக்கா பேசவில்லை.

22 ஆகஸ்ட்
தெருமுனையில் மெர்டேக்கா சுதந்திர விழாவுக்கு வளைவு கட்டுகிறார்கள், ஒரே சுத்தியல் சத்தம். “ஒனக்குத்தான், வீட்லேர்ந்து” என்று ருக்மணியம்மா லைனைக் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் போனில் அக்கா!
“நாளைக்கு முப்பது நாளாகுது. புள்ளைக்கு முடி எடுக்கணும். தாய்மாமன் மடி வேணும்ல? வெள்ளனா வந்துரு. கிரீஸ் கையோட வராத.”
சரிக்கா என்பதற்குள் வைத்துவிட்டாள்.
வேட்டியைத் தேய்க்கக் கொடுத்திருக்கிறேன்.