எதை விடுவதென்று தெரியாமல் போனவளுக்கு

நேற்று மகனுடைய பனியனை மடிக்கும்போது என் விரல் தானாக ஓரிடத்தில் நின்றது. தோளுக்குக் கீழே குறுநொய் அளவுக்கு ஓர் ஓட்டை. செக்கிங் வேலையை விட்டு ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. விரலுக்கு இன்னும் அது மறக்கவில்லை. மடிப்பதை நிறுத்திவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ படிக்கப் போவதில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அறுபதுகளில் நாம் இருவரும் ஒரே வாரத்தில் அந்தப் பனியன் கம்பெனியில் சேர்ந்தோம். நீ சாமளாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாய். ஜன்னலோர மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து, தைத்து வந்த பனியன்களை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்போம். ஓட்டையோ கறையோ இருந்தால் டேமேஜ் என்று தனியே போட வேண்டும். என்னிடம் வாயாடிக்கொண்டே நீ என்னைவிட இரண்டு பங்கு பார்த்து முடிப்பாய். எப்படி என்று கேட்டதற்கு, "டேமேஜைத் தேடாத புள்ள. மத்ததையெல்லாம் கண்ணு விட்டுட்டா அதுவா தெரியும்" என்றாய்.

மூன்றாவது வருடம் வெயில் காலத்தில் அந்தக் கை மெதுவானது. ஒரே பனியனை எடுத்துவைத்துக்கொண்டு அப்படியே இருப்பாய். சாப்பாட்டு நேரத்தில் பிசைந்த சோறு கையிலேயே காயும். என்னவென்று ஒருநாள் தண்ணீர்த் தொட்டியருகே நிறுத்திக் கேட்டேன். தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்.

"மிசின் சத்தம், மேஸ்திரி செருப்புச் சத்தம், ரோட்டுல சைக்கிள் மணி, நீ பேசறது, எல்லாம் ஒரே அளவுக்குக் கேக்குது புள்ள. எதை எடுக்கறது, எதை விடறதுன்னு தெரியல."

இன்னொன்றும் சொன்னாய். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் உன்னைப் பற்றியே பேசுகிறார்களாம். அந்தப் பக்கம் பாழ்நிலம்தான். அங்கே ஆள் நடமாட்டமே கிடையாது. உனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, நீ பார்த்து வைத்ததையெல்லாம் மேஸ்திரி கண்ணில் படாமல் என் பக்கம் இழுத்து மறுபடி பார்த்தேன். மழைக்காலம் முடிந்த பிறகும் இரண்டு பேர் வேலையை ஒருத்தி செய்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். தைப்பூசத்தன்று கோயில் வாசலில் உன் அம்மா என்னைத் தனியே அழைத்து, "ஏங்கண்ணு, எம்புள்ள ஊட்டுல ஒரு மாதிரியா இருக்குது. அங்க வேலையெல்லாம் நல்லாச் செய்யுதா?" என்று கேட்டார்.

"நல்லாச் செய்யுதுங்கம்மா" என்றேன்.

பிறகு எனக்கு அம்மை போட்டது. மூன்று வாரம் வெளியே வர முடியவில்லை. அந்த மூன்று வாரச் சரக்கும் ஓட்டையோடு போய்த் திரும்பி வந்ததாம். எல்லார் முன்னாலும் மேஸ்திரி உன்னை அலட்சியக்காரி என்று திட்டியிருக்கிறார். நீ அவர் முகத்தைப் பார்க்காமல் மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றாயாம். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு அன்றே அனுப்பிவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது உன் இடத்தில் வேறொருத்தி இருந்தாள்.

உன்னைத் தேடி வருவதற்குள் சில மாதங்கள் போய்விட்டன. உன் வீட்டின் இரு பக்கமும் தறி ஓடிக்கொண்டிருந்தது. பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். உள்ளறையில் நீ காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாய். தலை மொட்டையாக இருந்தது. காத்துக் கருப்பு என்று எங்கோ கூட்டிப்போய் மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். கணுக்காலில் கயிற்றுத் தழும்பு. நீ என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அன்னைக்குக் கோயில்லயே சொல்லியிருக்கலாமே கண்ணு" என்றார். அவ்வளவுதான்.

கோயமுத்தூர் டாக்டரிடம் நானும் கூட வந்தேன். அவர் நாலைந்து எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். உனக்கு இரண்டுக்கு மேல் வரவில்லை. வெளியே யாரோ இருமினால் அங்கே போய்விடுவாய். இது சோம்பேறித்தனமும் இல்லை, பேயும் இல்லை என்றார். வருகிற நூறு விஷயத்தில் வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மற்றதை ஒதுக்குவது மூளையின் வேலை, அந்த இடத்தில்தான் நோய் பிடித்திருக்கிறது என்றார். மாத்திரையில் குரல்கள் அடங்கும், இந்தக் கவனம் முழுக்கத் திரும்புமா என்று சொல்ல முடியாது, முன்னாலேயே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் சொன்னார்.

குரல்கள் அடங்கின. ஆனால் மாத்திரையால் கை நடுங்கியது, நடை தளர்ந்தது. பார்த்து வைத்த மாப்பிள்ளைக்கு உன் சித்தப்பா மகளைக் கொடுத்தார்கள். எனக்குக் கொமரலிங்கத்தில் கல்யாணமாகி, வருடத்துக்கு ஒருமுறை வருவதே பெரிதாகிவிட்டது.

கடைசியாக வந்தபோது நீ வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாய். வந்த வேகத்தில் பிள்ளைகள், மாமியார், ஆற்றில் தண்ணீர் வந்தது என்று கொட்டினேன். நீ கையை உயர்த்தி நிறுத்தினாய்.

"ஒண்ணொண்ணாச் சொல்லு புள்ள. எனக்குக் கேக்கணும்."

ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒன்றைக் கேட்டு முடித்துத் தலையாட்டிய பிறகு அடுத்தது. பஸ்ஸுக்கு எழுந்தபோது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னாய்: "எல்லாரும் என்னைப் பத்திப் பேசினாங்க. நீ ஒருத்திதான் கடைசி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலையில் நீ போய்விட்டாய். எனக்குத் தகவல் வரும்போது காரியமும் முடிந்திருந்தது.

இப்போது யாராவது என்னிடம் எதையாவது சொல்லி, வெளியே சொல்லாதே என்றால், நான் சரி என்று சொல்வதில்லை. பேரன் பேத்திகளுக்கு இதனால் என்மேல் வருத்தம் உண்டு. இருக்கட்டும். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அன்றைக்குச் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். நான் சொன்னேன் புள்ள. சொல்ல வேண்டிய நாளில் சொல்லாமல், எல்லாம் முடிந்த பிறகு சொன்னேன்.