பச்சை வட்டத்தை எங்கே வைத்தாய்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. எழுதியாயிற்று, அந்த வரியை நம்பாதே. சின்னவளுக்கு முன்பல் விழுந்த போட்டோவை அத்தானிடம் காட்டினேன். உன்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள் என்று சொல்லிச் சிரித்தார். உன் மனைவிக்கு இடுப்பு வலி இப்போது தேவலையா? கனமான எதையும் தூக்க விடாதே.

போன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ ஒரு தரம் ‘அக்கா’ என்று இழுத்தால் போதும், நான் கேட்க வந்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன். இந்தத் தடவை அது சரிப்படாது. வருகிற பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் என் மேல் விசாரணை. ஒன்பதாம் கட்டில் நோயாளிக்கு ஒரே மதியத்தில் சர்க்கரை ஊசியை இரண்டாம் தரம் போட்டுவிட்டேன். போட்டது உண்மை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் என் கையால் இப்படி ஒன்று நடந்ததில்லை. நீ போன வருஷம் மாற்றிக் கொடுத்த அந்த மருந்து ஸ்கிரீனைப் பார்த்துத்தான் போட்டேன் என்பதும் உண்மை.

நீ விருதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் போன வாரம் வந்தது. எளிமைக்கான விருது என்று கண்ணாடியில் பொறித்திருக்கிறார்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். தம்பி முன்னேறினால் வயிறு எரிகிற அக்கா இல்லை நான், அது உனக்கே தெரியும். ஆனால் எளிமை என்ற சொல்லை அந்த ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் வைக்க உங்களுக்கெல்லாம் எப்படித்தான் மனசு வந்ததோ.

பழையது எப்படி இருந்தது என்று உனக்கே நான் சொல்ல வேண்டியிருக்கிறது பார். எட்டு வருஷத்துக்கு முன்னால் வேலை இல்லாமல் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாய். தொல்லை தாங்காமல் நான்தான் உன்னை வார்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். மூன்று வாரம் மருந்து அலமாரிப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நாங்கள் நடப்பதையும் ஓடுவதையும் பார்த்தாய். அப்புறம் செய்து கொடுத்தாய். இருபத்து நான்கு கட்டில், இருபத்து நான்கு வரி. ஒவ்வொரு வரியிலும் பேர், அடுத்த மருந்து, ஒரு வட்டம். நேரம் வந்தால் வட்டம் மஞ்சள். கொடுத்துவிட்டுக் கட்டைவிரலால் ஒரு தட்டு, பச்சை. அடுத்த வேளை வரும்வரை அந்தப் பச்சை அங்கேயே நிற்கும். கதவோரத்தில் நின்று பார்த்தால் முழு வார்டும் தெரியும். வார்டு கூட்டுகிற அம்மாகூட, ஆறாம் கட்டில் இன்னும் மஞ்சளாவே இருக்கும்மா என்று எங்களுக்கு ஞாபகப்படுத்துவார். எங்களில் யாரும் அதை ஸ்கிரீன் என்று சொன்னதில்லை, வட்டம் என்றுதான் சொல்வோம். தலைமேல் வைத்துக் கொண்டாடினோம் உன்னை. என் தம்பி செய்தது என்று நானும் நாலு பேரிடம் அளக்காத நாளில்லை. அப்புறம் அதை வாங்கின கம்பெனி உன்னையும் வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது.

அதில் குறையே இல்லை என்றும் சொல்லவில்லை. எழுத்து பொடியாக இருந்தது, நாற்பது தாண்டினவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தோம். விளக்கை அணைத்த பிறகு வெளிச்சம் கண்ணைக் குத்தியது. எந்த மருந்து யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்று காட்ட ஒரு குறி வேண்டும் என்று கேட்டோம். இந்த மூன்றைத்தான் உட்கார்ந்து எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு உங்கள் கம்பெனிக்கு அனுப்பினோம். புதுசு ஆகாது என்று அடம்பிடிக்கிற ஆட்கள் இல்லை நாங்கள். எழுத்தைப் பெரிசாக்கு, வெளிச்சத்தைக் குறை, ஒரு சிவப்புப் புள்ளி வை, வட்டத்தில் கை வைக்காதே. இவ்வளவுதான் வேலை. ஒரு மதியத்தில் முடித்துவிட்டு நீ டீ குடிக்கப் போயிருக்கலாம்.

வந்தது என்ன? இருபத்து நான்கு வரியும் இருபத்து நான்கு அட்டையாகிவிட்டது. ஒவ்வொன்றையும் திறந்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும். முதலில் வணக்கம் சொல்கிறது, இன்றைய நாள் இனிதாகட்டும் என்கிறது. மஞ்சளும் பச்சையும் கண்ணை உறுத்துகிறதாம், அதனால் எல்லாமே சாம்பல். மருந்து கொடுத்ததைப் பதிந்தவுடன் அது ‘கடந்தவை’ என்று எங்கோ பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. அந்த இடத்தில் அடுத்த வேளை மருந்து வந்து உட்கார்ந்துகொள்கிறது. எந்த வேளை என்று எறும்பு சைஸில் எழுதியிருக்கிறது. எழுத்தைப் பெரிசாக்கச் சொன்னவர்களுக்கு நீங்கள் கொடுத்த பதில் அது.

உங்கள் கம்பெனி ஆள் ஒருவர் வந்து மீட்டிங் போட்டார். நர்ஸ்கள் முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் ஸ்கிரீனோடு செலவழிக்கிறார்கள், அவ்வளவு ஒட்டுதல் ஆகிவிட்டது என்று படம் போட்டுக் காட்டினார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தேடுகிறோம் சார், கொடுத்தோமா இல்லையா என்று தேடிக்கொண்டு நிற்கிறோம் என்று நெட்டை சொன்னாள் (என்னோடு வேலை பார்க்கிறவள், வார்டிலேயே உயரமானவள்). அவர் அதையும் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். என்ன குறித்தாரோ.

பதினேழாம் கட்டிலில் ஒரு தையல்காரர் இருந்தார். நாலு மாதமாக வந்து போய்க்கொண்டிருந்தவர். ஒரு காலையில் இறந்துபோய்விட்டார். அவருடைய அட்டையை மூட வேண்டியது என் வேலை, மூடினேன். ஸ்கிரீன் முழுக்க வண்ணக் காகிதம் கொட்டியது. வாழ்த்துகள், இந்த நோயாளிக்கான எல்லா வேலைகளையும் முடித்துவிட்டீர்கள் என்று வந்தது. அவருடைய மனைவி என் தோள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தக் காகிதம் விழுந்து முடிகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கி ஜன்னல் வழியே எறியலாம் போலிருந்தது. நாலு பேர் கூடி உட்கார்ந்து, அந்தக் காகிதம் எந்த நிறத்தில் கொட்ட வேண்டும் என்று பேசி முடிவு பண்ணியிருப்பீர்கள் அல்லவா? நீயும் அந்த அறையில் இருந்தாயா?

எழுதிப் போட்டேன், தம்பி. நான் மட்டும் பதினான்கு புகார். ஒவ்வொன்றுக்கும், உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு சிரித்த மூஞ்சி வந்தது. கடைசியில் நாங்களே ஒரு வழி பண்ணினோம். பெரிய காகிதத்தில் இருபத்து நான்கு வட்டம் வரைந்து ஸ்கிரீனுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினோம். கொடுத்தால் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் ஒரு தீற்றல். ஏழு மாதம் அந்தக் காகிதம்தான் எங்களைக் காப்பாற்றியது. பல லட்சம் கொட்டி வாங்கின பெட்டி பக்கத்தில் சும்மா வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

இனி சொல்லப்போவதை எழுத எனக்கே அருவருப்பாக இருக்கிறது. போன மாதம் உங்கள் கம்பெனியிலிருந்து படம் பிடிக்க வந்தார்கள். புது ஸ்கிரீனை நர்ஸ்கள் எவ்வளவு விரும்புகிறார்கள் என்று காட்ட ஒரு படம். சுவரில் காகிதம் தொங்கினால் அசிங்கமாகத் தெரியும், எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். ஹெட் நர்ஸ் தயங்கினார். நெட்டை வேண்டாம் என்றே சொன்னாள். கிழித்தது நான். என் தம்பியின் வேலை படத்தில் நன்றாக விழட்டும் என்று ஆசை. கிழித்துக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, கேமரா முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். ரொம்ப சுலபமாக இருக்கிறது என்று வாய் கூசாமல் சொன்னேன்.

அன்றைக்கு மதியச் சாப்பாடு படப்பிடிப்பால் தாமதம். ஒன்பதாம் கட்டிலில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். நெட்டை தன் டியூட்டி முடிகிறதற்குள் அவருக்கு மதிய ஊசியைப் போட்டுப் பதிந்துவிட்டாள். கேமராக்காரர்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றதில் என்னிடம் வாயால் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. நான் வந்து அட்டையைத் திறந்தேன். சர்க்கரை ஊசி என்று நின்றது. சாயங்காலம் ஏழு மணி என்ற எறும்பு என் கண்ணில் படவில்லை. சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் போடுகிற ஊசி அது, சாப்பாட்டுத் தட்டும் இன்னும் வரவில்லை, அப்படியானால் ஊசி போடவில்லை என்றே எடுத்துக்கொண்டேன். ஊசியோடு போனபோது அவர், இப்பதானேம்மா போட்டாங்க என்று கேட்டார். அது சர்க்கரை பார்க்கக் குத்தினது ஐயா, இது வேற என்று சொன்னேன். மனுஷன் வாய் திறந்து சொன்னதை விட்டுவிட்டு ஸ்கிரீனை நம்பினேன். அதை நினைத்தால் என் மூஞ்சியில் நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்று மணிக்கு அவருடைய மகள் வந்து பார்த்தபோது உடம்பெல்லாம் நனைந்து நினைவில்லாமல் கிடந்தார். உயிரை மீட்டுவிட்டோம். பத்து நாளில் வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் சில நேரம் மகளைப் பார்த்து, நீ யாரும்மா என்கிறாராம். அந்தப் பெண் இதை என்னிடம் வந்து கோபமில்லாமல் சொன்னாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

விசாரணைக்கு முன்னாலேயே ஒரு காகிதத்தைத் தயார் பண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். கவனக்குறைவால் நேர்ந்த தனிநபர் தவறு என்று எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போட்டால் ஒரு மாதம் சஸ்பென்ஷன், வேறு வார்டு, அத்தோடு முடிந்தது. உங்கள் கம்பெனி ஆள் வந்து, ஸ்கிரீனைப் பற்றி இதுவரை எந்த எதிர்ப்பும் வரவில்லை, உள்ளே சோதித்தபோதும் யாரும் குறை சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். என் பதினான்கு புகாரும் அவர்களுக்கு வெறும் ‘கருத்து’தான் போலிருக்கிறது. கையைக் கழுவிவிட்டார்கள். அத்தானும் போட்டுத் தொலை, ஊர் வாயில் விழாதே என்கிறார். போடவும் போடுவேன். காகிதத்தைக் கிழித்தது, அவர் சொன்னதைக் கேட்காதது, இரண்டும் என் குற்றம். அதை அவர்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம், நானே வியாழக்கிழமை சொல்வேன். ஆனால் அடுத்த மாதம் இதே ஸ்கிரீன் இன்னும் நாற்பது ஆஸ்பத்திரிக்குப் போகிறதாம். அங்கேயும் ஒன்பதாம் கட்டில் இருக்கிறது. அங்கே சுவரில் காகிதம் ஒட்ட யாருக்காவது தோன்றுமா தெரியாது.

யாரும் குறை சொல்லவில்லை என்று அவர் எழுதியதைப் படித்தபோது எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. ஏனென்றால் குறை சொன்ன ஒருவனை எனக்குத் தெரியும். புதுசு வந்த முதல் வாரம் நான் உன்னிடம் கத்தியபோது நீ அனுப்பின செய்தி என் போனில் இருக்கிறது. பச்சையை எடுத்தா ஒரே மருந்தை ரெண்டு தரம் குடுத்துடுவாங்கன்னு நான் மீட்டிங்ல சொன்னேன்கா, யாரும் கேக்கல, விடு, பழகிடும் என்று எழுதியிருந்தாய். உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே அந்த விருதை வாங்கிப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறாய். கேமரா முன்னால் நான் சிரித்த அதே சிரிப்பு.

உள் விஷயத்தை வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று நீ சொல்லியிருக்கிறாய். வேலை போனால் அறுபது நாளில் அந்த நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பதும் தெரியும். சின்னவள் இப்போதுதான் பள்ளிக்கூடத்தில் ஒரு தோழியைப் பிடித்திருக்கிறாள். எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் கேட்கிறேன். ஆஸ்பத்திரிக்கு நீயே உன் பேரைப் போட்டு இரண்டு வரி எழுது. எனக்காக எதுவும் எழுதாதே, என் தண்டனையை நான் வாங்கிக்கொள்கிறேன். பச்சையை எடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு முன்பே தெரியும் என்பதை மட்டும் எழுது. பிழைப்புக்கு அப்புறம் ஏதாவது வழி பார்க்கலாம். நம் வீட்டில் மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

அந்தச் செய்தியை நான் யாருக்கும் காட்டவில்லை, அத்தானுக்குக்கூட. அழிக்கலாம் என்று இரண்டு தரம் எடுத்தேன், முடியவில்லை. வியாழக்கிழமை உள்ளே போகும்போது போன் என் கையில்தான் இருக்கும். வாசல்வரை உன் கடிதம் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே போவேன். நீயும் உன் பெண்டாட்டி பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் கும்பிடுகிறேன், இன்றைக்கும் அப்படித்தான். என்னை அதைத் திறந்து காட்ட வைத்துவிடாதே, தம்பி.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா