கால் பங்கு மகள்

3 ஜூலை 1984
அப்பா போய் நாற்பது நாள். தம்பி ஐசக், எனக்குப் பங்கு வேண்டாம் என்று நான் எழுதிக்கொடுப்பதுபோல் விடுதலைப் பத்திரம் தயார் செய்து வைத்திருக்கிறான். போடி வீட்டில் ஆளுக்குப் பாதி. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில் இருக்கும் எட்டு ஏக்கர் ஏலத்தோட்டம் மட்டும் அவனுக்கே. எட்டு வருஷமாக மலையேறி அதைப் பார்த்துக்கொண்டது நான். அவன் கடையில் ஃபேனுக்குக் கீழே. "கேரளாச் சட்டம் அப்படி, அக்கா. நான் என்ன செய்ய?" என்கிறான். ஒரே அப்பாவுக்கு இரண்டு சட்டமா? படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றுவிட்டேன்.

9 ஜூலை
கண்ணுச்சாமி வக்கீல் புத்தகத்தைக் காட்டினார். உண்மைதான். திருவிதாங்கூர் ராஜா காலத்துக் கிறிஸ்தவர் வாரிசுச் சட்டம், மலையாள வருஷம் 1092. மகன் பங்கில் கால், அல்லது ஐயாயிரம் ரூபாய் - எது குறைவோ அது மகளுக்கு. ராஜா போய், ராஜ்யம் போய், மாநிலத்தின் பேரே மாறிவிட்டது. இது மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

12 ஜூலை
தோட்டத்துக்குப் போனேன். எல்லைச் செக்போஸ்ட்டில் கம்பைத் தூக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. இங்கேதான் நான் கால் மகள் ஆகிறேன். ஜீப் ஓட்டும் காசிமாயன் அண்ணனிடம் சொன்னேன். "எந்தச் சட்டத்துல காய்க்கிறோம்னு ஏலச்செடிக்குத் தெரியுமா தாயி?" என்றார்.

20 ஆகஸ்ட்
ஏன் கால்? வக்கீலை விடவில்லை. நகை போட்டுக் கட்டிக்கொடுத்த மகள் வேறு வீட்டுக்காரி என்ற வழக்கத்தையே சட்டமாக எழுதிவிட்டார்களாம். எழுதியவர்களில் பெண் உண்டா என்றேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நான்தான் எந்த வீட்டுக்கும் போகவில்லையே - கல்யாணமாகாதவளை யாரும் நினைக்கவே இல்லையா?

5 நவம்பர்
இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஐசக் பேசுவதில்லை.

25 பிப்ரவரி 1986
பேப்பரில் வந்திருக்கிறது. கேரளாவில் ஒரு அம்மா டெல்லி வரை போட்ட கேஸ். மகனும் மகளும் சமம். அந்தச் சட்டம் 1951-லிருந்தே செல்லாதாம். சந்தோஷத்தில் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

3 மார்ச்
முப்பத்தைந்து வருஷமாகச் செத்துக்கிடந்த சட்டத்துக்கா பயந்தோம்? வக்கீலிடம் கேட்டுவிட்டுத் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. தோட்டம் தாத்தாவுடையது. அவர் இறந்தது 1958, அந்தச் சட்டம் செத்த பிறகு. அப்பாவுக்கு ஒரு தங்கை - தேவாரம் ஊரில் இருக்கும் ஜெயபாக்கியம் அத்தை. அப்படியானால் பாதி அத்தையுடையதா? மறுபடி ஓடினேன். "சட்டப்படி ஆமா. ஆனா காலம் கடந்துபோச்சுன்னு வாதாடலாம். நீங்களா வாயைத் தொறக்காதீங்கம்மா" என்றார் வக்கீல்.
அத்தைக்குத்தான் அன்றைக்கே நகை போட்டாயிற்றே என்று நினைத்தேன். சீ, நானுமா?

9 மார்ச், ஞாயிறு
தேவாரம் போய்ச் சொல்லிவிட்டேன். அத்தை "தோட்டம் எப்படிடி இருக்கும்? என்னை ஒருநாளும் கூட்டிட்டுப் போனதில்ல" என்றாள். அறுபத்திரண்டு வயது.
நாளைக்குக் காலை ஜீப்பில் முன்சீட்டு அத்தைக்கு.