பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன்

என்னங்க, உங்க டேப்லெட்லயே இதை டைப் அடிச்சு வெச்சுட்டுப் போறேன். நேருக்கு நேர் இன்னும் பேசமாட்டேன்.

நான் ஆஸ்பத்திரிக்கு, பொண்ணுகிட்ட கெளம்பிட்டேன். அடுப்பு மேல சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். பதினோரு மணிக்குக் கார் இன்ஸ்பெக்‌ஷன், ஞாபகம் இருக்கா? இதுல பாஸாகலைன்னா நாளைக்கு அவளையும் பச்சப்புள்ளையையும் எதுல கூட்டிட்டு வர்றது?

நேத்து காருக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு "மிதி, மிதி"ன்னு கத்தினீங்க. பதட்டத்துல கிளட்சை மிதிச்சுட்டேன். அதுக்கு "உனக்கு ஒண்ணுமே தெரியாது"ன்னுட்டு, பிரேக் லைட்டைப் பாக்காமலே உள்ள போய்ட்டீங்க. நல்லா இருக்கு நியாயம்! காலையில நானே போனேன். உங்க கைத்தடியை சீட்டுக்கும் பிரேக்குக்கும் நடுவுல முட்டுக் கொடுத்துட்டுப் பின்னாடி போய்ப் பாத்தா, இடது பக்கம் எரியவே இல்ல. பல்பை மாத்திட்டேன். இப்ப ரெண்டும் ஜெகஜோதியா எரியுது.

அங்க ஆபீசர்கிட்ட வாயக் கொடுக்காதீங்க. போன வருஷம் அவருக்கே பாடம் எடுக்கப் போய்த்தான் திருப்பி அனுப்பினாங்க. பல்பு நீங்க மாத்தினதாவே சொல்லிக்கோங்க, போங்க.

சாவி ஆணியில மாட்டியிருக்கு.

அய்யய்யோ! கைத்தடியை எடுக்க மறந்துட்டேன். அது இன்னும் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கு, பேட்டரி தீந்துடும். டாக்ஸிக்காரர் வேற ஹார்ன் மேல ஹார்ன் அடிக்கிறார், திரும்பப் போய் எடுக்க எனக்கு நேரமில்ல. உங்களை எழுப்பத்தான் போறேன். தோளைத் தட்டி இந்த டேப்லெட்டைக் கையில கொடுப்பேன், அவ்வளவுதான், பேச்சு கெடையாது.

சீக்கிரம் போய் எடுங்க. ஆனா ஓடாதீங்க. கையில தடி இல்ல, சுவத்தப் பிடிச்சுக்கிட்டே போங்க.