ஒட்டகச்சிவிங்கிக்குப் பின்னால் வெயில்

ஆடி 12, செவ்வாய்.

ரிக் வண்டியில் போர்வெல் போடும் வேலைக்கு ஆப்பிரிக்காவுக்குக் குடும்பத்தோடு போன தம்பி இன்றும் வீடியோ காலில் வந்தான். முந்தாநாள் கடற்கரை, நேற்று அருவி, இன்று மிருகக்காட்சிசாலை. பெண்டாட்டியும் பாப்பாவும் பக்கத்தில் நின்று சிரித்தார்கள். மழைக்காலம் தவிர ரிக் வண்டிக்காரனுக்குத் தூங்கவே நேரம் கிடைக்காது. அதே வேலை பார்க்கும் ஆளோடு பத்து வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன், எனக்குத் தெரியாதா?

“ஏண்டா, வேலை இல்லையா?” என்றேன்.

“லீவுங்க்கா,” என்றான். ஒட்டகச்சிவிங்கியைக் காட்டிய விரலில், நகக்கண்ணில்கூடத் துளி கிரீஸ் இல்லை. அவன் முகத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது.

அம்மாவிடம், ஒட்டகச்சிவிங்கி பார்த்தார்களாம் என்று மட்டும் சொன்னேன்.

“அங்க மழையா சாமி?” என்றாள்.

“ஆமாம்மா, விடாத மழை,” என்றேன்.