பச்சை விளக்கு எரிந்த ஒரே ஆள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மா நலம், நானும் உன் அத்தானும் நலம். ஆஸ்பத்திரியில் சோதித்துத் தெரிந்துகொண்டே இதை எழுதுகிறேன். நலமா என்று கேட்க வேண்டியது இப்போது உன்னைத்தான். உட்கார்ந்து படி. ஆய்வுக்கூடம் நாலாவது மாடி, லிஃப்டுக்கு நிற்காமல் ஓடியே ஏறுகிறேன் என்று பெருமை அடிப்பாயே, இனி அந்தப் படியில் கால் வைக்காதே.

எத்தனை தடவை கூப்பிட்டாலும் உன் போன் அணைந்தே கிடக்கிறது. வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழுவின் முன் கருவியைச் செய்து காட்டும்வரை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று அணைத்து வைத்திருப்பாய். உன் அறைத் தோழன் லீவு முடிந்து இன்று அங்கே திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவனிடம் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் அவன் வேறு வேலை பார்ப்பான். அவனை முறைக்காதே.

நீ இங்கே விட்டுப்போன சின்னக் கருவியில் இரண்டு கட்டைவிரலையும் வைத்தால் இதயத் துடிப்பைப் படித்து, நன்றாக இருந்தால் பச்சை, கோளாறு என்றால் சிவப்பு எரியும் என்றாய். வைத்தோம். அம்மாவுக்குச் சிவப்பு. எனக்கும் அத்தானுக்கும் சிவப்பு. எதிர்வீட்டுக்காரர் ஆசையாக வந்து வைத்தார், அவருக்கும் சிவப்பு. மனுஷன் அதன்பிறகு நம் வாசல் பக்கமே வருவதில்லை. நீ வயர் லூஸ் என்றாய், பேட்டரி என்றாய், விரலைத் துடைத்துவிட்டு வை என்றாய், கடைசியில் எங்கள்மேல் எரிந்து விழுந்தாய். கோளாறைத் தேடி நீ தூங்குவதே இல்லை என்று உன் தோழன் சொன்னான்.

அம்மா பயந்துவிட்டாள். எல்லோருமாக இதய டாக்டரிடம் போனோம். பெரிய மிஷினில் பார்த்து, யாருக்கும் ஒன்றுமில்லை என்றார். அப்புறம் அந்த டாக்டரம்மா உன் கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்ல துடிப்பு எது என்று இதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். என் தம்பியின் துடிப்பை வைத்துத்தான் என்று நான் பெருமையாகச் சொன்னேன். மற்றவர்களுடைய பதிவுகளைத் தர ஆஸ்பத்திரியில் இழுத்தடித்தார்கள், காளை மாதிரி நானே இருக்கிறேனே என்று உன்னுடையதை ஏற்றினாய், அனுமதி வந்த பிறகும் மாற்றவில்லை, தினமும் காலையில் உன் விரலை வைத்துச் சோதிப்பாய், தவறாமல் பச்சை எரியும் என்றெல்லாம் சொன்னேன். அவன் சட்டையை மாட்டிப் பார்த்தால் ஊரில் யாருக்குச் சேரும் என்று அத்தான் சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கருவிக்குள் இருந்த உன் பதிவைத் திரையில் வரவழைத்து வெகுநேரம் பார்த்தார்.

“இந்தத் தம்பி இப்போ எங்க இருக்காரு?” என்றார்.

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடங்கி அடுத்ததற்குத் தயாராக வேண்டுமாம். உன்னுடையது அதற்கு அளவுக்கு மீறி நேரம் எடுக்கிறதாம். சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது, ஓடும்போதோ திடுக்கிடும்போதோ நின்றுவிடலாம் என்றார். நேரில் சோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம். மாத்திரை இருக்கிறது, தேவைப்பட்டால் நெஞ்சில் பொருத்தும் கருவியும் இருக்கிறது, ஆனால் தள்ளிப்போடாதீர்கள் என்றார். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று போனதுண்டா என்றும் கேட்டார். அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு வந்து, பஸ்ஸைப் பிடிக்க ஓடிய அப்பாவைப் பற்றிச் சொன்னேன். போன தடவை இங்கே வந்தபோது மாடிப்படியில் உனக்குக் கண் இருட்டியதையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. கருவி ரிப்பேர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மகன் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறான் என்று பால்காரரிடம்கூடச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்க்கவே என்னால் முடியவில்லை.

உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமை முடியட்டும், சனிக்கிழமை போகிறேன் என்பாய். வேண்டாம்டா. எனக்குப் பயமாக இருக்கிறது. அவசரமாக எழுதுகிறேன், கோழிக் கிறுக்கல் என்று கேலி செய்யாதே. குழு இன்னொரு நாள் கூடும். கருவி தோற்றுவிட்டது என்றும் குமையாதே. உனக்கும் எங்களுக்கும் ஒத்துப்போகவில்லை என்று அது சரியாகத்தான் சொன்னது. நாம்தான் யாருக்குக் கோளாறு என்பதை மாற்றிப் புரிந்துகொண்டோம். இதையெல்லாம் உன் ஆய்வேட்டில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே எழுதலாம், உன் கைடு வேண்டாம் என்றா சொல்லப் போகிறார்?

இந்த வீட்டில் முதலில் பிறந்தவள் நான். எதுவானாலும் எனக்குத்தான் முதலில் என்று சின்ன வயதில் உன்னோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். பிறகு எவ்வளவோ விட்டுக்கொடுத்துவிட்டேன். போவதில் மட்டும் நான்தான் முதல். அந்த வரிசையை நீ மாற்றக் கூடாது, தம்பி.

உனக்கு நூறு வயது கேட்டு நிற்கும்
அக்கா