சிம்முக்கு அடியில் இருந்த சில்லு

2025 ஜூலை 3, வியாழன்

இன்பத்துக்கு டயாலிசிஸ் நாள். கம்பெனியில் சொல்லிவிட்டு அவளோடு விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நேற்றுப் பார்சலில் வந்த போனை அவள் கையோடு எடுத்து வந்தாள். நாலு மணி நேரம் ஒரு கையில் ஊசியோடு படுத்திருக்கிறவள், மறு கையில் அதைப் பிடித்துக்கொண்டு நாகர்கோவிலில் நர்சிங் படிக்கும் எங்கள் மகள் ஆஷ்லினோடு பேசினாள். பழைய போனின் கண்ணாடி நொறுங்கி, இதுவரை பிள்ளையின் முகத்தைக் கோடு கோடாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துக் கட்டில் சங்கிலிமுத்து, "அமெரிக்காப் போனா அண்ணாச்சி? நம்ம ஊர்ல எங்கன கிடைச்சிச்சு?" என்று கேட்டார். இன்ஸ்டாகிராமில், ஒருவர் பயன்படுத்தியது, கடை விலையில் பாதி என்றேன். சொல்லும்போது பெருமையாக இருந்தது. மறைப்பானேன்.

ஜூலை 4, வெள்ளி

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து பிரீத்திகா மேடம் பேசினார். கிட்னிக்குக் காத்திருப்பவர்களின் பட்டியலைப் பார்த்துக்கொள்பவர். இன்பத்தின் ரத்த வகையில் அவளுக்கு முன்னால் இருந்தவருக்குப் போன வாரம் கிடைத்துவிட்டதாம். அடுத்தது இன்பம்.

"எப்ப வேணும்னாலும் கூப்பிடுவோம் சார். உடனே எடுக்கணும். லேட்டானா அடுத்த ஆளுக்குப் போயிரும்" என்றார். அவரிடம் இரண்டு நம்பர் இருக்கிறது. முதலாவது இன்பத்துடையது, இரண்டாவது என்னுடையது. அதையே உறுதி செய்துகொண்டார்.

இரண்டரை வருடமாகக் காத்திருக்கிறோம். இன்பம் ஒரு பையில் துணியும் சோப்பும் எடுத்து வைத்துவிட்டாள்.

ஜூலை 6, ஞாயிறு

சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தால், புதுப் போன் 'அப்டேட்' கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு ராஜபாண்டியன் தன் வீட்டு வைஃபையை எங்களுக்கும் தந்திருக்கிறார். அதில் போட்டுவிட்டேன். அரை மணி நேரம் ஓடி முடிந்தது.

ஜூலை 7, திங்கள்

ஆஸ்பத்திரியில் இன்பத்தின் போனில் டவர் இல்லை. பழைய கட்டடம், சுவர் தடிமன் என்றேன். வீட்டுக்கு வந்ததும் ஆஷ்லினோடு வாட்ஸாப்பில் முகம் பார்த்துப் பேச முடிந்தது. அப்படியானால் போன் நன்றாகத்தான் இருக்கிறது. டவருக்குத்தான் ஏதோ கோளாறு.

ஜூலை 8, செவ்வாய்

போன் வந்திருக்கிறது. மதுரையிலிருந்து. காலையில.

நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூலை 9, புதன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

எங்கள் பட்டாசுக் கம்பெனியில் யாரும் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. வெடிமருந்து இருக்கும் இடம். காலை எட்டு மணிக்கு கேட்டில் ஒரு மரப்பெட்டியில் போட்டுவிட்டு டோக்கன் வாங்க வேண்டும். சாயங்காலம் ஐந்தரைக்குத் திருப்பி எடுக்க வேண்டும். பதினெட்டு வருடமாக இதுதான் வழக்கம். போர்மேன் என்ற முறையில், மற்றவர்கள் ஒழுங்காகப் போடுகிறார்களா என்று பார்ப்பதே நான்தான். இரண்டாவது நம்பராக என் நம்பரைக் கொடுத்தபோது, அது பகலெல்லாம் பெட்டிக்குள் கிடக்கும் நம்பர் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்பத்துக்கும் தோன்றவில்லை. இந்த ஊரில் யாருக்குத் தோன்றும்? எல்லார் போனும் அங்கேதான் கிடக்கிறது.

நேற்று டோக்கனைக் கொடுத்து எடுத்தால், மதுரை நம்பரிலிருந்து ஆறு அழைப்புகள். வாட்ச்மேன், "உங்க போனு கிர்ரு கிர்ருனு கிடந்துச்சு அண்ணாச்சி. அம்பது போனு இருக்கு, எதைன்னு பாக்க?" என்றார். அவர் மேல் தப்பில்லை.

கம்பெனி வேன் கிளம்பும் முன் கூப்பிட்டேன். பிரீத்திகா மேடம் சொன்னார்: "காலைல பதினொன்னே காலுக்கு இன்பம் மேடம் நம்பருக்குப் போட்டோம் சார். தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு வந்துச்சு. உங்களுக்கும் போட்டோம். மாத்தி மாத்தி ஒரு மணி நேரம் பாத்தோம். அதுக்கு மேல வச்சிருக்க முடியாது." அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

பதினொன்றே காலுக்கு இன்பம் வீட்டில்தான் இருந்தாள். போன் அவள் மடியில் இருந்தது. வைஃபையில் ஏதோ சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

அவளிடம் சொல்ல வேண்டாம் என்று மேடத்திடம் கேட்டுக்கொண்டேன். "நான் சொல்ல மாட்டேன் சார். ஆனா நீங்க சொல்லணும்" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். "ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். தீபாவளி ஆர்டர், லோடு ஏற்ற ஆளில்லை என்றேன். சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகமில்லை.

ஜூலை 10, வியாழன்

ஆஸ்பத்திரியில் சங்கிலிமுத்துவின் கட்டில் காலி. அவருக்கு கிட்னி கிடைத்துவிட்டது, ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று வார்டு முழுக்கப் பேச்சு. இன்பம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தீகளா, நமக்கும் வரும்" என்றாள்.

"வரும்" என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

சாத்தூரில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சுஃபியானிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிம் தட்டை உருவி, சிம்மைப் புரட்டி, நகத்தால் எதையோ உரித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மீன் செதில் மாதிரி மெல்லியதாக ஒரு சில்லு.

"இது அமெரிக்காவுல ஒரு டெலிபோன் கம்பெனி தவணைக்குக் குடுத்த போனுண்ணே. அவுக சிம்மைத் தவிர வேற எதையும் எடுத்துக்கிடாது. இந்தச் சில்லை வச்சு அதை ஏமாத்தி வித்துருக்கான். அப்டேட் போட்டீகளா?"

"போட்டேன்."

"அதான் போன் முழிச்சுக்கிடுச்சு, திரும்பப் பூட்டிக்கிடுச்சு."

பூட்டைத் திறக்க வழியில்லையா என்றேன். அந்த ஊர் கம்பெனி மனது வைத்தால்தான் உண்டாம். அதற்கும் முதலில் வாங்கினவன் தவணையை முடித்திருக்க வேண்டும். "அவன் யாருன்னே நமக்குத் தெரியாதேண்ணே" என்றார். விற்றவனின் பக்கத்தைத் தேடினேன். இல்லை. என்னை பிளாக் செய்துவிட்டானா, பக்கத்தையே மூடிவிட்டானா தெரியவில்லை. ஒரு பில் கூட வாங்காமல் விட்டது நான்.

கம்பெனியில் ஆட்களின் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவேன். ஒரு சிம்மைத் தூக்கி அடியில் பார்க்கவில்லை.

கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. நேரமாகிவிட்டதா என்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஜூலை 12, சனி

சிம்மைப் பழைய போனுக்கே மாற்றிவிட்டேன். இன்பத்திடம், அமெரிக்காப் போன் பூட்டிக்கொண்டது, சிம் எடுக்காது என்பதை மட்டும் சொன்னேன். "நல்லா நாமம் போட்டுட்டான் உங்களுக்கு" என்று சிரித்தாள். ஆஷ்லினுக்கும் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன் போலிருக்கிறது.

ஜூலை 21, திங்கள்

டயாலிசிஸ். வரும்போது வாந்தி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சீசன் வேலை. காலையில் வேன், சாயங்காலம் வேன். இடையில் அறை அறையாகப் போய்ப் பார்க்கிறேன். யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்கிறேன். இன்று சொல்லிவிடலாம் என்று தினமும் வேனில் நினைக்கிறேன். வீட்டு வாசலில் இறங்கியதும் நாளைக்கு என்று ஆகிவிடுகிறது. சொன்னால் அவள் தாங்குவாளா? இல்லை, அவள் என்னைப் பார்க்கும் பார்வையை நான் தாங்குவேனா? எதற்காக மறைக்கிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று அவளுக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தது. ஊசி இரண்டு இடத்தில் குத்தியும் சரியாக விழவில்லை. "வந்துரும்லங்க?" என்றாள். வரும் என்றேன். இது எத்தனையாவது தடவை என்று எண்ணவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சங்கிலிமுத்துவின் மனைவி முத்துப்பேச்சி வீட்டுக்கு வந்தார். இருக்கன்குடியில் நேர்த்திக்கடன் செலுத்திவிட்டு வந்த வழி. "கோயில் பிரசாதம் உங்களுக்கு ஆகாதுன்னு, சாத்தூர்ல இறங்கி சேவு வாங்கியாந்தேன் மதினி" என்றார். இன்பத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காபி போட்டாள். சங்கிலிமுத்து நன்றாக நடக்கிறாரா, மாத்திரை நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

முத்துப்பேச்சி கும்பிட்டபடி சொன்னார்: "எல்லாம் மாரியாத்தா குடுத்தது மதினி. மொதல்ல வேற யாருக்கோதான் வந்துச்சாம். அவுக போனே எடுக்கலையாம். அதுக்குப் பொறவுதான் இவுகளுக்கு அடிச்சிருக்காங்க."

இன்பம், "அது என்னைக்கு?" என்றாள்.

"எட்டாந் தேதி. செவ்வாக்கெழமை."

இன்பம் காபி டம்ளரை வாங்கி வைத்தாள். பிறகு, "அண்ணன வெளிய வாசல்ல அலைய விடாதீக, தூசி ஆகாது" என்றாள். பஸ் நிறுத்தம் வரை கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தாள். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமல், "அந்த வாரம் பூரா என் போன்ல டவர் இல்ல" என்றாள். பிறகு, "நமக்கு எப்பத் தெரியும்?" என்றாள். நமக்கு என்றுதான் கேட்டாள்.

"அன்னைக்குச் சாயங்காலம்" என்றேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நேற்று டயாலிசிஸுக்கு நான் கூட வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய் வந்தாள். இன்று சாயங்காலம்தான் பேசினாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"போன் வாங்குனதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. பிள்ள முகத்தப் பாக்கட்டும்னுதான் வாங்குனீக. ஏமாந்துட்டீக, யாரும் ஏமாறுவாக. ஒண்ணரை மாசம், வாரத்துக்கு ரெண்டு நாளு, பக்கத்துல உக்காந்துக்கிட்டு வரும் வரும்னு சொன்னீகளே. நானும் நம்பிக் கெடந்தேன். அதான்."

நீ தாங்க மாட்டேன்னு நெனச்சேன் என்றேன்.

"ஊசிய நான்தான தாங்குறேன்" என்றாள்.

அழ வேண்டிய இடம். வரவில்லை. நான் அவளுக்குத் துரோகம் செய்துவிட்டேன் என்று எழுதிப் பார்க்கிறேன். எழுதின பிறகும் கை மரத்த மாதிரிதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 30, சனி

சமைக்கிறாள். பரிமாறுகிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். நானும் அப்படித்தான்.

செப்டம்பர் 3, புதன்

கேட்டில் போனை எடுத்ததும் ஆஷ்லின் கூப்பிட்டாள். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்கு போன் வந்ததாம், நம்பர் சரிபார்க்க. அம்மா திங்கட்கிழமையே அவர்களிடம் பேசி மாற்றியிருக்கிறாள். முதலாவது அம்மா, இரண்டாவது ஆஷ்லின், மூன்றாவது பக்கத்து வீட்டு ராஜபாண்டியன் மாமா.

"உங்க நம்பரக் காணோமேப்பா. மறந்துட்டாங்களா? நான் சொல்லிச் சேக்கட்டுமா?" என்று கேட்டாள்.

வேண்டாம், அம்மா சரியாகத்தான் கொடுத்திருக்கிறாள் என்றேன்.